கூடாரத்தில் உட்கார்ந்திருந்த நைனா

1

ஹாம்பர்க்குக்கு வந்து ஒரு மாமாங்கம் ஆகிறது. அதைக் கொண்டாடும் விதமாகவோ என்னவோ, போன கோடையில் நம் தூதரகத்தின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து, ஒரு பூதத்தை எந்தப் பக்கமாக மடக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்ததில், பாஸ்போர்ட் புதுப்பிக்க வாங்கிய டோக்கனைக் கோட்டை விட்டேன்.

பலகையில் என் எண் வந்திருக்கிறது. மணி அடித்திருக்கிறது. ஓர் அம்மாள் வாய்விட்டும் கூப்பிட்டிருக்கிறார். பிறகு எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கவுண்டரை மூடும் சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன்.

எங்கே போயிருந்தீர்கள் என்று அந்த அம்மாள் இந்தியில் கேட்டார். எங்கும் போகவில்லை, இதோ எதிர் நாற்காலியில்தான் இருந்தேன் என்றேன். கூப்பிட்டது கேட்கவில்லையா என்றார். என்ன சொல்வது? மலைக் கணவாயில் என் வில்லாளி மாட்டிக்கொண்டாள் மேடம், அவளை விட்டுவிட்டு வர மனசு வரவில்லை என்றா? நாற்பத்தாறு வயது, முன்மண்டையில் முடி கிடையாது, அக்குளில் ஃபைல், மடியில் சின்னப் பிள்ளைகள் வைத்து ஆடும் கைப்பெட்டி. அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த தேதி செப்டம்பர் கடைசியில்தான் என்றார், அதற்குள் எங்கள் ஊர்த் திருவிழா முடிந்துவிடும். அவசரம் என்றால் காரணம் வேண்டுமாம். மரணம், தீவிர நோய், நெருங்கிய உறவினர் திருமணம். என் காரணம் அதில் எதிலும் இல்லை. ராயபுரத்தில் எங்கள் மாதா கோயில் தேருக்கு நான் தோள் கொடுக்க வேண்டும் என்பதை எந்த மொழியில் விளக்கினாலும் பைத்தியக்காரன் பேச்சாகத்தான் வருகிறது. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். ரயிலில் ஏறி உட்கார்ந்து, வெட்கமே இல்லாமல், பெட்டியைத் திறந்து பூதத்தைக் கொன்றேன்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இது என்ன கண்றாவி என்று சொல்லிவிடுகிறேன். உள்ளங்கைகள் இரண்டும் பிடிக்கிற அளவில் ஒரு பெட்டி. அதன் திரையில் கட்டம் கட்டமாக ஒரு நாடு. காடு, ஆறு, கோட்டை, பாழடைந்த கோபுரம். நம் பக்கத்தில் வில்லாளி, குதிரைக்காரன், மந்திரக்காரி. எதிர்ப்பக்கத்தில் எலும்புக்கூடுகள், பூதங்கள், கடைசியில் ஒரு டிராகன். நம் ஆட்களை ஒவ்வொருவராக நகர்த்திவிட்டு, "என் முறை முடிந்தது" என்று ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அதன் பிறகுதான் எதிரி நகருவான். அவன் முடித்ததும் மறுபடி நாம்.

விஷயமே அந்தப் பொத்தானில்தான் இருக்கிறது. அதை அமுக்கும்வரை எதிரி கோடாரியைத் தூக்கின கையோடு அப்படியே நிற்பான். போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம், நிற்பான். மூடி வைத்துவிட்டு அலுவலகம் போகலாம், நிற்பான். இந்த ஊரில் எனக்காக இவ்வளவு பொறுமையாக வேறு யார் நின்றிருக்கிறார்கள்?

ஜெர்மன் மொழியில் வினைச்சொல்லைப் பல நேரம் வாக்கியத்தின் கடைசியில் போட வேண்டும். நமக்கும் அப்படித்தானே, சுலபமாக இருக்கும் என்று நினைத்து வந்தேன். நான் எழுவாயைத் தேடிப் பிடித்து, அது ஆணா பெண்ணா என்று யோசித்து, கடைசிச் சொல்லைக் கையில் எடுக்கும்போது பேச்சு அடுத்த ஸ்டேஷனுக்குப் போயிருக்கும். கேன்டீனில் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு நான் மட்டும் தனியாகச் சிரிப்பேன். 'நீ'க்கு ஒரு சொல், 'நீங்கள்'க்கு ஒரு சொல் என்று அதிலும் இரண்டு உண்டு. பெற்ற தகப்பனையே 'நீ, வா, போ' என்று கூப்பிட்டு வளர்ந்தவன் நான். வந்த புதிதில் விசா அலுவலகத்தில் இருந்த ஒரு பெரிய அதிகாரியை, மரியாதை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும் என்று பாசமாக 'நீ' போட்டுப் பேசிவிட்டேன். அன்றைக்கு அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால்தான் சொல்கிறேன். யோசிக்க நேரம் கொடுக்கிற ஓர் உலகம் கைக்குள் அடங்குகிறது என்றால், அதில் டிராகன் இருந்தால் என்ன, எது இருந்தால் என்ன?

இத்தனைக்கும் ஊரில் இருந்தவரை நான் கேரம் ஆடுகிறவன். தெரு மூலையில் கேரம் போர்டு, மேலே குண்டு பல்பு. அதிலும் முறை வைத்துத்தான் ஆட்டம். ஆனால் குறி பார்க்கிறவனைச் சுற்றி ஒரு கூட்டமே நின்று, "மாமு, ரெட்ட உடு, ரெட்ட உடு" என்று கழுத்தை அறுக்கும். யோசனை சொல்ல ஆளே இல்லாத ஆட்டம் வேண்டும் என்று அப்போது ஆசைப்பட்டேன். கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை இந்தக் கட்டடத்தில் சத்தமே கூடாது. பாத்திரம் உருண்டால்கூடக் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையில் தட்டுவார். அப்படிப்பட்ட அமைதியில் உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தனியாக ஆடுகிறேன். கேட்டது கிடைத்தால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

3

இந்த ஆட்டத்தில் நம் ஆட்களுக்கு நாமே பெயர் வைத்துக்கொள்ளலாம். இதுதான் என்னைக் கெடுத்தது.

குதிரைக்காரனுக்கு டேவிட் என்று வைத்தேன். டேவிட் என் அத்தை மகன், ராயபுரத்தில் அதே தெருவில் இருக்கிறான், வாழ்க்கையில் குதிரையைத் தொட்டதில்லை, ஆனால் அவன் ஆட்டோ ஓட்டுவதைப் பார்த்தவர்களுக்குப் பொருத்தம் புரியும். மந்திரக்காரிக்கு என் மனைவி ரெஜினாவின் பெயர். கொருக்குப்பேட்டையில் பிறந்தவள், வாயைத் திறந்தால் நெருப்பு வரும் என்பதால் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வில்லாளிக்கு மகள் ஷெரின் பெயர். பெரிய கேடயம் ஏந்திய, நரைத்த தாடிக்காரக் காவல் வீரன் ஒருவன் வந்து சேர்ந்தான். தோள் அகலத்தைப் பார்த்ததும் கை தானாக 'நைனா' என்று தட்டிவிட்டது.

நைனா என்றால் என் அப்பா. துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற சூசை. ராயபுரத்தில் இன்றும் சூசை மேஸ்திரி என்றால்தான் தெரியும். அவர் மூட்டைகளுக்கு நடுவில் நின்று சம்பாதித்து என்னைப் படிக்க வைத்தார். நான் படித்து, கடல் தாண்டி, இன்னொரு துறைமுகத்துக்கே வந்து, எந்தக் கப்பலில் எந்தப் பெட்டி எங்கே போக வேண்டும் என்று கண்ணாடி அறையில் உட்கார்ந்து கணினியில் நகர்த்துகிறேன். ஒரு பெட்டியையும் இதுவரை தொட்டுப் பார்த்ததில்லை.

நான் ஆடும் ஆட்டத்தில் செத்தவன் செத்தவன்தான், திரும்பி வரமாட்டான். பெயர் வைக்கும்போது இது தெரியாது. தெரிந்த பிறகும் மற்றவர்களை அனுப்பினேன். டேவிட்டைக்கூட அனுப்பினேன். போகட்டும், அடி வாங்கினால் புத்தி வரும். நைனாவை மட்டும் என்னால் அனுப்ப முடியவில்லை. ஒவ்வொரு சண்டைக்கு முன்னும் யார் யார் களத்துக்கு என்று பொறுக்கும்போது அவர் பெயரைத் தாண்டிப் போய்விடுவேன். மற்றவர்கள் சண்டை போட்டுப் போட்டுப் பலம் ஏறி எங்கேயோ போய்விட்டார்கள். நைனா முதல் நாள் வந்த அதே கிழிந்த சட்டையோடு, அதே ஓட்டைக் கேடயத்தோடு, கூடாரத்தில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு வருடமாக உண்மை நைனாவும் அப்படித்தான் இருக்கிறார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

4

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். நடக்கலாம், கனம் தூக்குவதை மட்டும் பார்த்துச் செய்யுங்கள் என்று டாக்டர் சொன்னார். அதை நான் இங்கிருந்து கொஞ்சம் விரிவுபடுத்தினேன். மொட்டை மாடிக்கு ஏறக் கூடாது. சைக்கிள் கூடாது. காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்கக் கூடாது, கூட்டம். வெயிலில் கூடாது, பனியில் கூடாது. வீட்டுக்குள் ஒரு கேமரா மாட்டச் சொல்லி டேவிட்டை அனுப்பினேன். மாட்டிய மறுநாளே நைனா அதன் மேல் லுங்கியைக் காயப் போட்டுவிட்டார். இன்றுவரை நான் ஹாம்பர்க்கிலிருந்து பார்ப்பது நீலக் கட்டம் போட்ட ஒரு லுங்கியைத்தான்.

அவர் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று. தேர்.

எங்கள் தெருவில் மாதா தேரைச் சக்கரம் வைத்து இழுப்பதில்லை, தோளில் தூக்குவோம். தேரைத் தாங்கும் தண்டில் ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு குடும்பத்துக்கு. அதற்குத் 'தோள்' என்றே பெயர். பின்பக்கம், இடதுகை ஓரம், சூசை வூட்டுத் தோளு. தேர் தரையிலிருந்து எழும்பும்போது அந்த வீட்டு ஆள் அங்கே நிற்க வேண்டும், தெரு முனைக்குப் போனபிறகு வேறு யாரும் மாற்றிக்கொள்ளலாம். உடம்பு சரியில்லை என்றால் ஒரு வருடம் இரவல் தோள் வைத்துக்கொள்ள விடுவார்கள். அந்த ஒரு வருடத்தைப் போன திருவிழாவில் டேவிட்டை நிறுத்தித் தீர்த்தாயிற்று. இந்த வருடமும் வீட்டு ஆள் வராவிட்டால் இடம் வேறு குடும்பத்துக்குப் போய்விடும். காத்துக்கொண்டு ஆள் இருக்கிறது.

நான் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். தூதரகத்தில் டோக்கனைக் கோட்டை விட்ட கதையைத்தான் மேலே படித்தீர்கள்.

வர முடியாது என்று போனில் நைனாவிடம் சொன்னேன். "சரி வுடு. நான் நிக்கிறேன்" என்றார்.

"நீ நிக்கக் கூடாது நைனா."

"அப்ப யார்ரா நிப்பாங்க? லுங்கியா வந்து நிக்கும்?"

"போனா போவுது நைனா. ஒரு எடம்தான?"

"ஒரு எடம்தான்" என்றார். "எனுக்கு இருக்கிறதே அந்த ஒரு எடம்தான்டா." சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். அப்புறம் இரண்டு நாள் நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. டேவிட்தான் எடுத்து, "மாமா கோவமா கீறாரு மச்சான், நாஷ்டா மட்டும் ஒயுங்கா துன்றாரு" என்று நிலவரம் சொன்னான்.

5

ஷெரினுக்குப் பதினாலு வயது. என்னோடு பேசுவது குறைந்துபோய் வெகுநாள் ஆகிறது. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் போகிறாள். அதை நடத்துகிறவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஆகவே ராயபுரம் சூசை மேஸ்திரியின் பேத்தி யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறாள். "இன்னாடா உன் பொண்ணு ரேடியோல பேசற மாரியே பேசுது" என்று நைனாவுக்கு அதில் ஒரே பெருமை.

அவளும் நானும் ஒன்றாக உட்கார்வது அந்தப் பெட்டிக்கு முன்னால் மட்டும்தான். அதுவும் நான் யோசிக்கும் வேகம் தாங்காமல் எழுந்து போய்விடுவாள். "அப்பா, பொத்தானை அமத்துங்கோவன். எவ்வளவு நேரம்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துவிட்டு வந்தபோது, அவள் என் ஆட்டத்தைத் திறந்து ஆடிக்கொண்டிருந்தாள். ஆற்றுப் பாலத்தில் சண்டை. முன்வரிசையில் யாரோ தாடிக்காரன் நின்றுகொண்டிருந்தான். நான் அது யாரென்று புரிந்துகொள்வதற்குள், இருப்பதிலேயே நோஞ்சானான ஒரு எலும்புக்கூடு வந்து ஒரே அடி. தாடிக்காரன் விழுந்தான். திரையில் அவர் பெயர் மங்கி மறைந்தது.

"ஐயோ நைனா!" என்று அலறிவிட்டேன்.

ரெஜினா சமையலறையிலிருந்து மாவுக் கையோடு ஓடி வந்தாள். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், நாம் எல்லோருமே ஒரு போனுக்குப் பயந்துகொண்டுதான் தூங்குகிறோம். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "இன்னாச்சி? மாமாவுக்கு இன்னாச்சி?"

எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. "நைனா செத்துட்டாரு" என்றேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, "ஐயோ மாமா" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கீழ்வீட்டுக்காரர் தட்டினார். ஷெரின் பயந்துபோய்ப் பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். "அம்மா, இதிலம்மா! இதுக்குள்ளம்மா!"

ரெஜினா பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தூதரகத்து அம்மாள் பார்த்த அதே பார்வை. ஆனால் இவள் அதோடு விடுகிறவள் இல்லை. "யோவ்! நீயெல்லாம் ஒரு மனுசனாய்யா? பொம்மை செத்ததுக்கு எய்வு சொல்ற? அங்க அந்த மனுசன் உசுரோட மூஞ்சத் தூக்கி வச்சினு குந்திகினு கீறாரு, அவருக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல உன்னால ஆவுல!" மாவு காயும்வரை திட்டினாள்.

நான் ஷெரின் மேல் பாய்ந்தேன். அவரை யார் உன்னை வெளியே எடுக்கச் சொன்னது? அவள் அசரவில்லை. "நீங்கள் அவரை ஒரு நாளும் வெளியில விடேல்லை. அதாலதான் அவருக்குப் பலமே இல்லை. ஒரே அடியில போயிட்டார். என்ர பிழையோ?"

இப்படி வாதாடிக்கொண்டிருக்கும்போதே, ரெஜினா ராயபுரத்துக்கு வீடியோ கால் போட்டுவிட்டாள். கண்ணால் பார்த்தால்தான் அவளுக்கு ஆறும். அவள் அழைத்தால் நைனா எடுப்பார். திரையில் அவர் முகம் வந்தது. உதட்டோரம் இட்லித் துணுக்கு. அதைப் பார்த்ததும் ரெஜினாவுக்குத் தெரியாமல் திரும்பிக்கொண்டேன்.

ஷெரின் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "தாத்தா! நீங்கள் செத்துப் போனியள்!"

"அப்டியா கண்ணு?" என்றார் நைனா. "எப்போ?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவின் ஆட்டத்தில் தாத்தா இருப்பது, கேடயம், கூடாரம், பாலம், எலும்புக்கூடு. நான் குறுக்கே பேசப் பார்த்தேன், விடவில்லை. நைனா கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எப்டி செத்தேன்? குந்திகினா, நின்னா?"

"நிண்டுதான் தாத்தா. முன்னுக்கு நிண்டியள்."

"அப்ப சரி" என்றார் நைனா. உதட்டோரத்து இட்லியைத் துடைத்துக்கொண்டார். "உங்கப்பன்கிட்ட குடு."

போனை வாங்கினேன். அவர் திட்டவில்லை, கெஞ்சவுமில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு என்னால் யோசிக்க முடியவில்லை.

"கோயில் வாசல்லருந்து முனை வரிக்கும்தான்" என்றேன். "டேவிட் உன் பின்னாலயே வரணும். முனைல மாத்திக்கணும். முன்னாடி டாக்டரப் பாத்து ஒரு வார்த்த கேக்கணும்."

"மெய்யாலுமா சொல்ற?"

"மெய்யாலுமேதான் நைனா."

அவர் போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அரை நிமிடம் மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னால் அவர் குரல், தெருவைப் பார்த்துக் கத்துவது கேட்டது. "டேய் டேவிட்டு! நான் நிக்கிறேன்டா! பையன் சொல்லிட்டான்!"

டாக்டர் ரொம்ப நேரம் முகத்தைச் சுளித்துவிட்டு, முனை என்பது எவ்வளவு தூரம் என்று கேட்டாராம். நைனா பாதி தூரத்தைக் குறைத்துச் சொன்னதாகப் பிறகு தெரிந்தது.

6

திருவிழா அன்று ராயபுரத்தில் இருட்டிவிட்டது, இங்கே பிற்பகல் வெயில். டேவிட் தேருக்குப் போய்விட்டதால் அவன் மனைவி ஜெசிந்தா போனைப் பிடித்தாள். நாங்கள் மூன்று பேரும் சோபாவில். சீரியல் விளக்குகள், பேண்டு வாத்தியம், மல்லிகைப் பூவில் மூழ்கின மாதா. பின்பக்கம், இடதுகை ஓரம், வெள்ளைச் சட்டையில் நைனா. பின்னால் டேவிட், அவர் மூச்சு படும் தூரத்தில்.

"மரியே!" என்று ஒரு குரல். "வாழ்க!" என்று தெரு முழுக்க. தேர் எழுந்தது. நைனாவின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது.

அங்கே வீடியோ நின்றுவிட்டது.

கூட்டத்தில் சிக்னல் போய்விட்டது. திரையில் நைனா தண்டைத் தோளில் தாங்கி, வாய் திறந்தபடி, கண் மூடியபடி, அப்படியே நிற்கிறார். சத்தமில்லை, அசைவில்லை. உலகம் கொஞ்சம் நின்று எனக்கு நேரம் கொடுத்தால் என்ன என்று ஒரு மாமாங்கமாக ஆசைப்பட்டவன் நான். நின்றது. இதைவிடக் கொடுமையான ஒன்றை நான் அனுபவித்ததில்லை. திரையைத் தட்டினேன். போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினேன், ஏதோ சிக்னல் இங்கே போன மாதிரி. "நகருங்களேன், யாராவது நகருங்களேன்" என்று புலம்பினேன். ரெஜினா ஜெபமாலையை எடுத்துவிட்டாள். ஷெரின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை வருடம் கழித்து என்று அப்புறம்தான் நினைத்துப் பார்த்தேன்.

லைன் துண்டானது. மறுபடி போட்டேன், போகவில்லை. மறுபடி. மறுபடி.

ஒருவழியாகப் படம் வந்தபோது நைனா ஒரு கடைப் படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. கையில் பன்னீர் சோடா. சட்டையின் தோள்பக்கம் தண்டு அழுத்தின கறுப்பு.

"இன்னாடா? பூட்டேன்னு நென்ச்சியா?"

நான் ஜன்னலடியில் அப்படியே உட்கார்ந்தேன்.

"முனை வரிக்கும் வந்தேன். தோளு நம்பள்துதான், நோட்டுல எய்திக்கினாங்க." சோடாவை ஒரு மடக்குக் குடித்தார். "ஷெரினு, ஒன்னு கேக்கணும்னு இருந்தேன். உங்கப்பன் ஆட்டத்துல நான் கீறேன், டேவிட்டு கீறான், நீ கீறே, உங்கம்மா கீறா. உங்கப்பன் எங்க கீறான்?"

ஷெரின் யோசித்தாள். "அவர் உள்ளுக்க இல்லை தாத்தா. அவர் வெளியில இருந்து எல்லாரையும் நகர்த்துவார்."

நைனா சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "அத்தத்தான் நானும் பாத்துகினு கீறேன்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "டேய், அடுத்த வருசம் உள்ள வாடா. நான் பின்னால நிக்கிறேன்."

ஜெசிந்தா, "அண்ணே, தேரு திரும்புது, வச்சிடட்டா?" என்று போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். எழுவாய் தேட எனக்கு நேரம் இல்லை. "வர்றேன் நைனா! வந்துர்றேன்!" என்று கத்தினேன். திரை இருண்டுவிட்டது.

"கேட்டிருக்குமா?" என்றேன்.

கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையில் தட்டினார்.

"கேட்டிருக்கும் அப்பா" என்றாள் ஷெரின்.